நடத் தெரிகிறது, விட்டுவைக்கத் தெரியவில்லை: ஒரு நகராட்சியின் மரப் பராமரிப்புக்கு மதிப்புரை

மரப் பராமரிப்பை எடைபோட மரம் நடும் விழாவுக்குப் போய்ப் பயனில்லை. நட்டு மூன்றாவது கோடையில், கத்திரி வெயிலில், பகல் இரண்டு மணிக்கு அதே தெருவில் நடந்து பார்க்க வேண்டும். நிழலோடு நடக்க முடிந்தால் பணம் சரியான இடத்தில் செலவாகியிருக்கிறது. வெறுங்கூண்டுகளைத் தாண்டி நடக்கிறோம் என்றால், எதில் எருக்கு முளைத்திருக்கிறது, எதில் தேநீர்க் கோப்பைகள் கிடக்கின்றன என்று பார்த்துக்கொண்டே போகலாம்.

இங்கே எடுத்துக்கொண்டது வடகிழக்குப் பருவமழையை நம்பி வாழும் ஒரு நடுத்தர நகராட்சி. பெயரைச் சொல்லவில்லை, பெயரை மாற்றினாலும் கிழக்கு மாவட்டங்களில் இந்த மதிப்புரையில் பெரிதாகத் திருத்த எதுவும் இருக்காது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். கன்றுத் தேர்வு நன்று. நடவு சுமார். தண்ணீர் முதல் ஆண்டு மட்டும். கவாத்து, அதாவது கிளை வெட்டிச் சீர்செய்வது, மோசம். தானாக வளர்வதை விட்டுவைக்கும் பழக்கத்துக்கு மதிப்பெண் போட வழியே இல்லை. ஆக மலிவான வேலை அதுதான், ஆகப் பெரிய தோல்வியும் அதில்தான்.

கன்றும் காலமும்

கொஞ்ச காலம் முன்புவரை சாலையோரம் என்றாலே தூங்குமூஞ்சி, குல்மோகர், இயல்வாகை. சீக்கிரம் வளரும், குடைபோல விரியும், நட்டவர் பதவியில் இருக்கும்போதே பூத்தும்விடும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது சாய்ந்த மரங்களில் இந்த வகைகள் முன்வரிசையில் இருந்தன. அதன்பின் பேச்சு நாட்டு மரங்கள் பக்கம் திரும்பியது. 2022 செப்டம்பரில் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம், மாநிலத்தின் வனப்பரப்பையும் மரப்பரப்பையும் சேர்த்து 33 விழுக்காட்டுக்குக் கொண்டுபோவதை இலக்காக வைத்தது. இப்போது இந்த நகராட்சிக்கு வரும் கன்றுகளில் புங்கம், வேம்பு, மகிழம், நாவல், நீர்மருது, இலுப்பை, பூவரசு எல்லாம் இருக்கின்றன. இது உண்மையான முன்னேற்றம், தயங்காமல் பாராட்டலாம்.

ஆனால் எந்த மரம் எந்த இடத்துக்கு என்பதை லாரியில் கன்று அடுக்கியிருக்கும் வரிசைதான் முடிவு செய்கிறது. முன்னால் இருப்பதை முதல் தெருவில் இறக்குகிறார்கள். விளைவு: மின்கம்பிக்கு நேர் கீழே நீர்மருது, வண்டி நிறுத்துமிடத்தில் நாவல். நாவல் அருமையான மரம். ஆனால் பழக்காலத்தில் தரையெல்லாம் ஊதாக் கறை. வழுக்கி விழுந்தவர் புகார் கொடுப்பார், அடுத்த வாரம் மரம் போய்விடும். நாவலை ஏரிக்கரைக்கும் பள்ளி மைதான ஓரத்துக்கும் அனுப்ப வேண்டும். நீர்மருது கால்வாய் ஓரத்து மரம். பூவரசும் புன்னையும் உப்புக்காற்றைத் தாங்கும், கடற்கரைப் பக்கத்துத் தெருக்களுக்கு அவற்றை விட்டால் வேறு நல்ல தேர்வு குறைவு. கம்பிக்கு அடியில் பவழமல்லி, மந்தாரை, நொச்சி போதும். சரக்கொன்றை கம்பியிலிருந்து சற்று விலகி நிற்கலாம். பதினைந்து அடி நடைபாதை கிடைக்கிற அகலச் சாலையில் மட்டும் இலுப்பை, வேம்பு. ஆலும் அரசும் திறந்தவெளிக்கே. மதிலோரம் நட்டால் மதிலும் போகும், மரமும் போகும்.

சாலைநடுத் தடுப்பில் இன்னும் கோனோகார்பஸ் என்ற வெளிநாட்டு மரம் சுவர்போல நிற்கிறது. குஜராத் 2023-ல் அதற்குத் தடை போட்டது, தமிழ்நாடும் 2025-ல் போட்டுவிட்டது. புதிதாக நடவில்லை, அதுவரைக்கும் சரி. ஆனால் பழையதை வாரக்கணக்காக இயந்திரத்தால் கத்தரித்துக்கொண்டிருக்கிறார்கள். அதே உழைப்பில் பாதியை ஆவாரைக்குக் கொடுத்தால் தடுப்பு மஞ்சளாகப் பூத்து நிற்கும். பக்கத்துத் தடுப்பில் இருக்கும் அரளியைக் குறைசொல்ல மாட்டேன்: புகையையும் வெயிலையும் தாங்குவதில் அதற்கு நிகர் அதுதான். ஒரே குறை, ஊர் முழுக்க அது மட்டுமே இருப்பது.

நடும் மாதம் தவறு. ஜூன் 5 சுற்றுச்சூழல் நாள் என்பதால் அன்றே குழி, அன்றே கன்று, அன்றே புகைப்படம். மேற்கு மாவட்டங்களில், தென்மேற்குப் பருவமழை எட்டிப் பார்க்கும் இடங்களில், இது பொருந்தும். கிழக்கே அப்போது அக்னி முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருக்கும். மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் கொட்டுகிறது. ஜூனில் நட்ட கன்று நாலு மாதம் டேங்கர் தண்ணீரை நம்பி நிற்கிறது. புரட்டாசியில் நட்டால் முதல் மூன்று மாதத் தண்ணீரை வானம் கொடுத்துவிடும், வேரும் அடுத்த கோடைக்குள் கீழே இறங்கியிருக்கும். விழா வேண்டுமென்றால் ஜூனில் குழியை வெட்டிக் காயப்போடும் விழா நடத்தலாம். யாரும் படம் எடுக்க வரமாட்டார்கள், அது வேறு கதை.

குழிக்குள் நடப்பது

எஸ்டிமேட்டில் மூன்றடிக்கு மூன்றடிக்கு மூன்றடி என்று இருக்கும். களத்தில் கடப்பாரையால் ஓரடி. ஊருக்குள் தோண்டினால் வருவது மண் அல்ல. உடைந்த செங்கல், ஜல்லி, சிமென்ட் கட்டி, பிளாஸ்டிக். அதையே திரும்ப உள்ளே தள்ளினால் கன்று இரண்டு ஆண்டு பச்சையாக நின்றுவிட்டு மூன்றாம் ஆண்டு காயும், ஏனென்றால் வேர் அதுவரை பையிலிருந்த மண்ணை மட்டுமே தின்று தீர்த்திருக்கும்.

உண்மையில் மூன்றடி ஆழமும் தேவையில்லை. அகலம்தான் முக்கியம். மூன்றடி அகலம், கன்றுப் பையின் உயரத்தைவிட அரையடி கூடுதல் ஆழம். இடிபாட்டை அப்புறப்படுத்தி, இரண்டு பங்கு நல்ல மண்ணுக்கு ஒரு பங்கு மட்கிய தொழுவுரம். களிமண்ணாக இருந்தால் ஒரு பங்கு மணலும். ஆழம் கூடக்கூட நிரப்பிய மண் முதல் மழையில் அமுங்கும், கன்றும் சேர்ந்து இறங்கும், வேர்க்கழுத்து புதைந்து அழுகும். தண்டு அகன்று வேராகப் பிரியும் அந்த இடம் தரைமட்டத்தில் தெரிய வேண்டும். மின்கம்பம்போல நேராக மண்ணுக்குள் நுழையும் தண்டைப் பார்த்தால் அது ஆழத்தில் நட்ட கன்று என்று புரிந்துகொள்ளலாம்.

அடுத்தது பை. கறுப்புப் பிளாஸ்டிக் பையோடு நட்ட கன்றுகள் இந்த ஊரிலும் உண்டு, காய்ந்தபின் பிடுங்கிப் பார்த்தால் பை பத்திரமாக இருக்கும். பையை எடுத்தாலும் வேலை முடியாது. நாற்றங்காலில் அதிக நாள் இருந்த ஆறடிக் கன்றின் வேர் பைக்குள் வட்டமடித்திருக்கும். அடியில் ஓர் அங்குலத்தை வெட்டி எறிந்து, பக்கவாட்டில் மூன்று நாலு இடத்தில் மேலிருந்து கீழாகக் கத்தியால் கீற வேண்டும். செய்யாவிட்டால் அந்த வட்ட வேர் பத்தாண்டு கழித்துத் தண்டையே நெரிக்கும், காற்றில் மரம் பம்பரம்போலக் கழன்று விழும். பார்வைக்கு உயரமான கன்று வேண்டும் என்று கேட்டு வாங்குகிறார்கள். மூன்றடிக் கன்று ஐந்தாண்டில் அதை எட்டிப் பிடித்துவிடும்.

கம்பு கட்டுவதில் சின்னத் திருத்தம் போதும். சவுக்குக் கம்பைத் தண்டோடு ஒட்டி இறுக்கிக் கட்டுகிறார்கள். கயிறு எட்டு வடிவில் ஓட வேண்டும், கன்று கொஞ்சம் ஆட வேண்டும். ஆடினால்தான் அடித்தண்டு பருக்கும். நைலான் கயிறு கூடாது, தேங்காய் நார்க்கயிறு தானாகவே இற்று அறுந்துவிடும். ஒரு வருடத்துக்குமேல் கம்பும் தேவையில்லை.

தண்ணீர், கூண்டு

டேங்கர் வாரம் ஒருமுறை வருகிறது. குழாயை அழுத்தமாகத் திறந்து, வண்டி நகர நகரப் பீய்ச்சிக்கொண்டே போகிறார்கள். வட்டப்பாத்தி இல்லாத கன்றில் அந்தத் தண்ணீரில் பெரும்பகுதி தார்ச்சாலைக்குப் போகிறது. தண்டைச் சுற்றி ஒன்றரை அடி ஆரத்தில், நாலு விரல் உயரக் கரை எடுத்தால் இருபது லிட்டர் வழியாமல் நின்று இறங்கும். முதல் கோடையில் வாரம் இரண்டு முறை இருபது லிட்டர், இரண்டாம் கோடையில் வாரம் ஒருமுறை. ஆறாயிரம் லிட்டர் டேங்கர் ஒரு நடைக்கு முந்நூறு கன்றுக்குப் போதும். தினமும் ஒரு சொம்பு ஊற்றுவது அன்பாகத் தெரியும். வேரை மேலேயே தங்க வைக்கும் வழி அது.

பாத்திக்குள் மூன்று அங்குலம் சருகு மூடாக்கு போட்டால் தண்ணீர் நாள் இடைவெளியைத் தாராளமாக நீட்டலாம். சருகு தண்டைத் தொடக் கூடாது, நாலு விரல் இடைவெளி விட வேண்டும்; தொட்டால் பட்டை அழுகும், கறையானும் ஏறும். மூடாக்கு போட்ட கன்று இந்த நகராட்சியில் பெண்கள் மேல்நிலைப் பள்ளி வாசலில் மட்டும்தான் இருக்கிறது. அதையும் யாரோ ஆசிரியைகள் போட்டதாகத் தெரிகிறது.

கூண்டு விஷயத்தில் நகராட்சி தாராளம். ஐந்தடி இரும்புக் கூண்டு, மேலே நன்கொடையாளர் பெயர்ப்பலகை. ஆடு மாடு திரியும் ஊரில் கூண்டில்லாமல் கன்று தப்பாது, செலவு நியாயமானதே. சிக்கல், அதை யாரும் கழற்றுவதில்லை. நாலாம் ஆண்டில் தண்டு கூண்டின் வளையத்தைத் தொடுகிறது, ஆறாம் ஆண்டில் விழுங்குகிறது. பட்டைக்கு உள்ளே ஓடும் உணவுப் பாதை அந்த இடத்தில் அறுபடுகிறது, அங்கே உடைவதற்காகக் காற்று காத்திருக்கிறது. பெரும்பாலான கூண்டுகள் இரண்டு பாதிகளாகப் பூட்டியவை. எட்டு மில்லிமீட்டர் போல்ட், பதின்மூன்றாம் எண் ஸ்பேனர். ஆளுக்குப் பத்து நிமிடம். கழற்றியதை அடுத்த கன்றுக்கு வைக்கலாம், ஆனால் பழைய கூண்டை மாட்டினால் புதுக் கூண்டுக்குப் பில் போட முடியாது.

வேரை வெட்டுகிறவர் வேறு, விழுந்தால் தூக்குகிறவர் வேறு

நாட்டு மரம் நட்டால் புயலில் விழாது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. பாதிதான் உண்மை. வேரை வெட்டினால் வேம்பும் விழும்.

மழைநீர் வடிகாலுக்காகச் சாலையின் ஒரு பக்கத்தை ஜேசிபி நேர்கோட்டில் கிழித்துக்கொண்டு போகும்போது, அந்தக் கோட்டில் இருக்கும் மரங்கள் ஒரு பக்க வேரை முழுசாக இழக்கின்றன. மரம் காற்றுக்கு எதிராக நிற்பது காற்று வரும் பக்கத்து வேர்களின் இழுப்பில்தான், கூடாரத்துக்குக் கயிறுபோல. வெட்டுப்பட்ட பக்கத்திலிருந்து பலத்த காற்று வந்தால் மரம் எதிர்ப்பக்கம் சாயும். எதிர்ப்பக்கத்தில் வீடு. பழி மரத்துக்கு.

கணக்கு எளிது. நெஞ்சுயரத்தில் தண்டின் சுற்றளவை அளந்து மூன்றால் வகுத்தால் விட்டம் கிடைக்கும். விட்டத்தின் ஆறு மடங்கு தூரத்துக்குள் பெரிய வேர் எதையும் வெட்டக் கூடாது. மூன்று மடங்குக்குள் வெட்டினால் பிடிமானமே போய்விடும். நாற்பது சென்டிமீட்டர் விட்டமுள்ள வேம்புக்கு அந்த ஆறு மடங்கு ஏறக்குறைய எட்டடி. அந்த எட்டடியில் மட்டும் ஆள் வைத்துக் கையால் தோண்டி, வேருக்கு அடியில் குழாய் செலுத்தலாம். முடியாத இடத்தில் வடிகாலை வளைக்கலாம். இரண்டும் முடியாவிட்டால் மழைக்கு முன்பே தழையைக் குறைத்துச் சமன் செய்தாக வேண்டும். இந்த மூன்றில் எதுவும் ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதில்லை, அதனால் ஒப்பந்ததாரரைத் திட்டிப் பயனில்லை.

பேவர் பிளாக் இன்னொரு வகைக் கொலை, மெதுவானது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-ல் டெல்லி மரங்களுக்காகச் சொன்னது, தண்டைச் சுற்றி ஒரு மீட்டருக்குக் கான்கிரீட் இருக்கக் கூடாது, பலகையும் விளம்பரமும் கம்பியும் அகற்றப்பட வேண்டும் என்பது. நல்ல அளவுகோல், எந்த ஊரும் எடுத்துக்கொள்ளலாம். இங்கே தண்டு வரை கல் பதித்து, இடுக்கில் சிமென்ட் பூசி, அதன்மேல் காவியும் சுண்ணாம்பும் பட்டை பட்டையாக அடித்து வைத்திருக்கிறார்கள். பட்டை அடிப்பதில் மட்டும் எந்த ஆண்டும் குறை வைத்ததில்லை.

கவாத்து என்ற பெயரில்

மரத்தைத் தொடுகிறவர்கள் இரண்டு தரப்பு. மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்தடை செய்யும் நாளில் மின்வாரியத்தார். புயல் எச்சரிக்கை வந்த அன்று நகராட்சி. முதல் தரப்பு கம்பிப் பக்கத்தை மட்டும் வெட்டும், மரம் ஒருக்களித்து நிற்கும். இரண்டாம் தரப்பு தலையையே எடுத்துவிடும். இரண்டுக்கும் பொதுவான கருவி கொடுவாள் அல்லது இயந்திர ரம்பம், பொதுவான அவசரம் மதியத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது.

மொட்டையடித்த மரம் ஒரே மாதத்தில் குடுமி குடுமியாகத் துளிர்க்கும். பார்ப்பவர் நன்றாக வந்துவிட்டது என்பார். அவை நீர்ப்போத்துகள். உள்மரத்தில் வேர்கொண்டு வந்த கிளைகள் அல்ல, வெட்டுவாயின் தோலில் ஒட்டிக்கொண்டிருப்பவை. இரண்டு மூன்று ஆண்டில் எடை ஏறியதும் அப்படியே பிய்ந்து விழும். அதாவது, ஆபத்தைக் குறைக்க வெட்டிய வெட்டு, மூன்று ஆண்டு கழித்து வருகிற புயலுக்குப் புதிய ஆபத்தை வளர்த்துக் கொடுக்கிறது.

ஒரு கிளையை எடுக்க மூன்று வெட்டு வேண்டும். தண்டிலிருந்து ஓரடி தள்ளி, கிளையின் அடிப்பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழம் முதல் வெட்டு. அதற்கு இரண்டு அங்குலம் வெளியே மேலிருந்து இரண்டாவது. கிளை பட்டையைக் கிழிக்காமல் உடைந்து இறங்கும். மிச்சமிருக்கும் குச்சியை, தண்டோடு கிளை சேரும் இடத்தில் புடைத்திருக்கும் கழுத்துக்கு வெளியே ஒட்டி மூன்றாவது வெட்டு. கழுத்தைச் சேர்த்துத் தண்டோடு வழித்தால் காயம் மூடாது. ஓரடி முளை விட்டுவைத்தால் அது காய்ந்து, அழுகல் உள்ளே இறங்கும். மூன்றாவது வெட்டு சரியாக விழுந்தால் மரமே வளையம் போட்டு மூடிக்கொள்ளும். தாரும் வேண்டாம், பெயின்டும் வேண்டாம். ஓராண்டில் பச்சைத் தழையில் நாலில் ஒரு பங்குக்குமேல் எடுக்கக் கூடாது.

காலம் ஆடி, ஆவணி. முதலில் பட்ட கிளை, பிறகு ஒன்றோடொன்று உரசும் கிளை, பிறகு நடுவில் காற்று புகுந்து போகுமளவு கொஞ்சம் தழை. கூடு இருக்கும் கிளையைக் குஞ்சு பறக்கும்வரை தொடாமல் விடுவது வேலையைக் கெடுத்துவிடாது. அடித்தண்டில் தட்டுத் தட்டாகக் காளான் தெரிந்தால் கவாத்தால் பயனில்லை, உள்ளே சொத்தை. அந்த மரத்துக்கு மட்டும் மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி கேட்டு அகற்றுவதுதான் சரி.

வேம்புக்கு ஒரு தனிக் குறிப்பு, ஏனென்றால் தேவையில்லாமல் அதிகம் சாகிறது. மழைக்காலம் முடியும் தறுவாயில் வேப்பமரங்கள் நுனியிலிருந்து பழுப்பாகக் கருகுகின்றன. தேயிலைக் கொசு என்ற பூச்சியும், அது துளைத்த இடத்தில் நுழையும் பூஞ்சையும் காரணம். மரம் செத்தது என்று பட்டியலில் சேர்த்துவிடுகிறார்கள். சித்திரைவரை பொறுத்தால் பெரும்பாலான மரங்கள் புதுத் துளிர் விட்டு மீள்கின்றன. கட்டை விரல் நகத்தால் சின்னக் கிளையின் பட்டையைக் கீறிப் பார்த்தால் போதும்: உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது.

தானாக முளைப்பவை

இங்கேதான் நகராட்சி மீது உண்மையான வருத்தம். பருவமழைக்கு முன் முட்புதர் அகற்றம் என்று ஒரு வேலை நடக்கும். சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்குவது நல்ல வேலைதான், வரவேற்கலாம். ஆனால் ஜேசிபிக்குச் சீமைக்கருவேலமும் ஒன்று, நொச்சியும் ஒன்று. ஆவாரை, எருக்கு, துத்தி, தும்பை, சிறுபூளை, நாயுருவி எல்லாவற்றையும் சேர்த்து அரையடி மேல்மண்ணோடு வழித்து எடுத்துவிடுகிறது. அடுத்த மழையில் அந்த வெற்று மண்ணில் முதலில் எழுவது பார்த்தீனியம். ஒரு செடியே ஆயிரக்கணக்கில் விதை போடும், வெற்று மண்தான் அதற்கு வேண்டியது. சுத்தம் செய்யச் செய்யப் பார்த்தீனியம் கூடுவதற்குக் காரணம் இதுதான். தகரையும் ஆவாரையும் துத்தியும் அடர்ந்து நிற்கும் ஓரங்களில் அது தலையெடுக்கத் திணறுவதை இதே ஊர்ப் புறவழிச்சாலையில் அடுத்தடுத்து இரண்டு துண்டு நிலத்தில் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பார்த்தீனியத்தை எடுக்க இயந்திரமே தவறு. மண் ஈரமாக இருக்கும்போது, பூக்கும் முன், கையுறை போட்டு வேரோடு பிடுங்க வேண்டும். பூத்தபின் பிடுங்கினால் விதையை ஊர்வலம் கொண்டுபோகிறோம். பிடுங்கிய இடத்தை வெறுமையாக விடாமல் தகரை, ஆவாரை விதையைத் தூவிவிட வேண்டும்.

மார்கழிக் கடைசியில் இன்னொரு சுத்தம் நடக்கிறது, பொங்கலுக்காக. காப்புக் கட்டச் சிறுபூளையும் ஆவாரம்பூவும் கட்டுக் கட்டாக வெளியூரிலிருந்து சந்தைக்கு வந்து விற்கிறது. அதே வாரத்தில் ரயில்வே கேட் சாலையோரம் பூத்துக் கிடந்த பூளையை நகராட்சி வழித்துக் குப்பை வண்டியில் ஏற்றுகிறது. ஒரு மாதம் தள்ளி, மாசியில், விதை உதிர்ந்தபின், நாலு அங்குலம் விட்டு வெட்டினால் ஓரமும் ஒழுங்காகத் தெரியும், அடுத்த மழைக்கு இலவசமாக முளைக்கவும் செய்யும். பார்வை மறைக்கும் திருப்பங்களிலும் நடைபாதையிலும் மட்டும் ஒட்ட வெட்டலாம். மற்ற இடத்தில் எருக்கு நிற்கட்டும், வெந்தய வரியன் பட்டாம்பூச்சி முட்டை வைக்க அந்த இலைதான் வேண்டும்.

பூங்கா, குறுங்காடு, ஏரிக்கரை

பூங்காவைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. புல்தரை, டுராண்டா வேலி, யானை வடிவில் வெட்டிய பைகஸ். கோடையில் புல்தரைக்குச் சதுர மீட்டருக்கு நாளுக்கு ஐந்து லிட்டராவது வேண்டும். ஆயிரம் சதுர அடிக்கு ஏறத்தாழ 465 லிட்டர். அந்த ஒரு வாரத் தண்ணீரில் மேலே சொன்ன கணக்கில் எண்பது தெருக்கன்றுகள் பிழைக்கும். கேட் வரை பூட்டி வைத்திருக்கும் புல்லில் குழந்தைகளும் ஓட முடியாது.

பழைய குப்பைக் கிடங்கு ஓரத்தில் மியாவாக்கி முறையில் ஒரு குறுங்காடு போட்டிருக்கிறார்கள். ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கி வகுத்த முறையின் உயிரே அந்தந்த மண்ணின் மரங்களை அடுக்கடுக்காகக் கலந்து நெருக்கி நடுவது: சதுர மீட்டருக்கு மூன்று நாலு கன்று, ஆயிரம் சதுர அடிக்கு முந்நூறு முந்நூற்றைம்பது. நெருக்கம் பின்பற்றப்பட்டிருக்கிறது. மண்ணின் மரம்தான் விடுபட்டுவிட்டது. உள்ளே தேக்கும் மகாகனியும் பாதிக்குப் பாதி. இந்தக் கடலோரச் சமவெளியின் சொந்தக் காடு வறண்ட பசுமைமாறாக் காடு. உலக்கைப் பாலை, வீரை, காயா, வெப்பாலை, உசில், பூந்திக்கொட்டை என்று அதன் பட்டியலே தனி. கோயில் காடுகளில் இன்றும் விதை பொறுக்கலாம், வனத்துறை நாற்றங்காலில் முன்கூட்டிச் சொன்னால் வளர்த்தும் தருவார்கள். மெதுவாக வளரும் என்பது மட்டுமே அவற்றின் குற்றம். சொட்டுநீர்க் குழாயில் பாதி அடைத்துக் கிடக்கிறது. வடிகட்டியை மாதம் ஒருமுறை கழற்றிக் கழுவினால் தீரும் பிரச்சினை.

ஏரிக்கரையில் பனை விதைத்தது நகராட்சியின் ஆகச் சிறந்த வேலை, அது விழா இல்லாமல் நடந்தது. ஆவணி புரட்டாசியில் அரையடி ஆழத்தில், எட்டடிக்கு ஒன்றாக விதையைப் புதைத்துவிட்டுப் போனார்கள். பனை முதலில் கீழேதான் போகும், மேலே ஓலை தெரியுமுன் முளைக்குருத்து நிலத்தில் ஆழமாக இறங்கிவிடும். அதனால் பையில் வளர்த்துப் பிடுங்கி நடுவது சரிவராது, நேரடியாக விதைப்பதே முறை. தண்ணீரும் ஊற்றவில்லை, கூண்டும் வைக்கவில்லை. விசிறி ஓலைகள் வரிசையாகத் தெரிகின்றன. ஒரே ஆபத்து, கரையைப் பலப்படுத்த வரும் அடுத்த ஜேசிபி.

சருகும் புகாரும்

மாசி பங்குனியில் புங்கம் இலை கொட்டும்போது தூய்மைப் பணியாளர்கள் குவித்து மரத்தடியிலேயே கொளுத்துகிறார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. வண்டி வராது, தெரு சுத்தமாக வேண்டும். ஆனால் அந்தச் சூட்டில் தண்டின் ஒரு பக்கப் பட்டை வெந்து, அடுத்த ஆண்டு அங்கே பொந்து விழும். நகராட்சியிடம் நுண் உர மையம் இருக்கிறது, அங்கே எப்போதும் காய்கறிக் கழிவு நாற்றமடிக்கிறது, காரணம் உலர்ந்த சருகு போதவில்லை. மூன்று பங்கு சருகுக்கு ஒரு பங்கு ஈரக்கழிவு, பிழிந்தால் ஓரிரு சொட்டு வருமளவு ஈரம், பத்து நாளுக்கு ஒரு புரட்டல். ஒரு பக்கம் எரிக்கிறோம், இன்னொரு பக்கம் இல்லாமல் நாறுகிறது.

புகார் செய்வதில் பலன் கிடைக்கும் வழி ஒன்றுதான்: துல்லியம். தெருவும் வார்டும் மட்டும் எழுதினால் யாரும் வரமாட்டார்கள். அருகிலுள்ள மின்கம்பத்தின் எண், மரத்தின் பெயர், தண்டின் சுற்றளவு, என்ன செய்ய வேண்டும் என்பது (கூண்டு கழற்ற, கல்லைப் பெயர்க்க, ஆணி பிடுங்க), தூரத்திலிருந்து ஒன்றும் அருகிலிருந்து ஒன்றுமாக இரண்டு படம். நகராட்சி அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டு, அசையாவிட்டால் முதல்வரின் உதவி மைய எண்ணான 1100-க்கு அழைத்துப் பதிவு எண் பெறலாம். ஒரு மனுவில் ஒரு வேலை மட்டும். மூன்று வேலை எழுதினால் எளிதானதை முடித்துவிட்டு மனுவையே மூடிவிடுவார்கள்.

நடவுக் கணக்கை அறியத் தகவல் உரிமைச் சட்டப்படி விண்ணப்பிக்கும்போது எத்தனை கன்று நட்டீர்கள் என்று கேட்பது வீண், பெரிய எண் வரும். கேட்க வேண்டியவை: ஒப்பந்தத்தில் பராமரிப்புக் காலம் எத்தனை மாதம், காய்ந்த கன்றுக்கு மாற்று நட வேண்டியது யார், கடைசித் தவணைப் பணம் எந்தத் தேதியில் எந்தக் கணக்கெடுப்பின் அடிப்படையில் கொடுக்கப்பட்டது. முப்பது நாளில் பதில் தர வேண்டும். மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு, பகல் இரண்டு மணிக்கு அந்தத் தெருவில் நடக்கலாம்.